சொக்கத் தங்கத்தில் ஒளிந்த இரும்பு... தெரியுமா?

கோலார் தங்கவயலில் 120 ஆண்டுகளில் தோண்டியெடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல்! வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன நம் ஆட்கள் ஷாஃப்டில் இறங்கிப் பாறையை உடைத்து மேலே அனுப்பியது. அத்தனையையும் உருக்கிக் கம்பியாக இழுத்து எவ்வளவு குளிரவைத்தாலும் அது மீக்கடத்தி ஆகாது, தெரியுமா? நாம் மதிக்காத ஈயம் ஆகும்! மைனஸ் 266 டிகிரி செல்சியஸில் ஈயத்தின் மின்தடை சுத்தமாகப் பூஜ்யம்.

மின்தடையின் நஷ்டம் தங்கவயலுக்குப் பழக்கமானதுதான். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று! வழிநெடுகக் கொஞ்சம் மின்சாரம் கம்பியைச் சூடாக்கியே வீணானது. மீக்கடத்தியில் அந்தச் சேதாரமே கிடையாது.

1934-இல் ஹாலந்தின் லைடன் நகரில் ஒரு விசித்திரம். தங்கக் கம்பியைக் குளிரவைக்கக் குளிரவைக்க மின்தடை இறங்கியது. தனிப்பூஜ்யத்துக்குச் சில கெல்வின் மேலே வந்ததும் திரும்ப ஏறியது! 30 ஆண்டுகள் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. 1964-இல் ஜப்பானின் ஜுன் கோண்டோ முடிச்சை அவிழ்த்தார்: தங்கத்தில் தங்கிவிட்ட இரும்பு போன்ற காந்த அணுக்கள்தான் குற்றவாளி. பத்து லட்சத்துக்குச் சில அணுக்கள் போதும். எந்தப் பத்தரின் உரைகல்லுக்கும் அது சிக்காது.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. காந்த அணு குறுக்கே வந்தால் ஜோடி பிரிந்துவிடும். அதனால் இரும்பு என்றாலே இயற்பியலாளர்கள் ஒதுங்கிப் போனார்கள். 2008-இல் ஜப்பானில் ஹிதேயோ ஹோசோனோ குழு இரும்பு, ஆர்சனிக், லாந்தனம் எல்லாம் சேர்ந்த ஒரு பொருளை 26 கெல்வினில் மீக்கடத்தியாக்கிக் காட்டியபோது வாயடைத்துப் போனார்கள். அதே ஆண்டில் சீனாவில் 55 கெல்வின்!

இனிமேல்தான் கூத்தே. பேரியம்-இரும்பு-ஆர்சனிக் படிகத்தைச் சும்மா குளிரவைத்தால் மீக்கடத்தல் வராது. அதில் 100 இரும்பு அணுக்களில் ஆறேழை எடுத்துவிட்டுக் கோபால்ட்டை வையுங்கள்; 20 கெல்வினைத் தாண்டியே மீக்கடத்தத் தொடங்கிவிடும். கோபால்ட் ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது, இரும்பின் காந்த ஒழுங்கையும் குலைக்கிறது. கையளவு கூடினால் மீக்கடத்தல் மறுபடி மாயம். நிக்கல் என்றால் இன்னும் குறைவாகவே போதும், அதனிடம் இரண்டு எலக்ட்ரான் கூடுதல்.

மாங்கனீஸ்? நஞ்சேதான்! புளோரின் சேர்த்த லாந்தனம் வகையில் 1,000 இரும்பு அணுக்களுக்கு வெறும் 2 மாங்கனீஸ் அணுக்கள் நுழைந்தால் மீக்கடத்தல் மொத்தமாகச் செத்துவிடுகிறது. தனிம அட்டவணையைப் பாருங்கள்: மாங்கனீஸ் 25, இரும்பு 26, கோபால்ட் 27. இடப்பக்கத்து வீட்டுக்காரன் உயிரை எடுக்கிறான், வலப்பக்கத்து வீட்டுக்காரன் உயிரைக் கொடுக்கிறான். என்னைக் கேட்டால், இரும்பு மீக்கடத்திகளில் இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை.

இன்னொன்று. தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அதே நிலையம்தான் 2016-இல் மும்பையில் தூய பிஸ்மத் படிகத்தை மீக்கடத்தியாக்கியது. எத்தனை டிகிரியில் தெரியுமா? 0.00053 கெல்வினில்!