முடக்குவாதமும் இரத்தம் காட்டும் குறியும்

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைத்து, ஒரு மணி நேரம் கழிந்தும் கையை மடக்க இயலாமல் தவிப்போரைக் கிராமங்களில் ஊழியர்கள் கண்டிருப்பர். இது வயோதிகத்தில் காணும் மூட்டுத் தேய்மானம் அன்று. முடக்குவாதம் எனப்படும் இந்நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை தன் மூட்டுகளையே தாக்குகிறது. தொடக்கத்திலேயே சிகிச்சை பெறின் மூட்டுகள் கோணிப் போவதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆகவேதான் இரத்தத்தில் முன்னறிகுறி தேடப்படுகிறது.

1940-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு விஞ்ஞானி எரிக் வாலர், முயலின் எதிர்ப்பொருள் பூசிய செம்மறியாட்டுச் சிவப்பணுக்களை நோயாளி ஒருவரின் சீரத்துடன் கலந்தபோது, அவை திரண்டு கட்டிகளாயின. 1948-இல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் குழுவினரும் இதையே கண்டனர். திரளச் செய்தது ஒரு புரதம். உடலின் சொந்த எதிர்ப்பொருளையே பற்றிக்கொள்ளும் மற்றோர் எதிர்ப்பொருள். இதற்கு ‘ரூமட்டாய்டு காரணி’ என்று பெயர். மொழிபெயர்ப்பில் வந்த ‘காரணி’ என்னும் சொல் சற்றே மயக்கம் தருவது. இப்புரதம் இருந்தால் நோய் உண்டென்று பொருளன்று.

க்ஷயம், குஷ்டம், சில கல்லீரல் அழற்சிகள் ஆகியவற்றிலும் இது தோன்றுகிறது. நலமுள்ள முதியோர் சிலரிடமும் உண்டு. மறுபுறம், முடக்குவாத நோயாளிகள் பலரிடம் இது காணப்படுவதேயில்லை. நம் நாட்டில் இதை மறத்தல் ஆபத்து. க்ஷயத்தால் மூட்டு வீங்கிய ஒருவருக்கு, பரிசோதனைச் சீட்டை மட்டும் நம்பி ஸ்டீராய்டு கொடுப்பின், மறைந்திருந்த க்ஷயம் மூண்டெழக் கூடும்.

1998-இல் அறிவிக்கப்பட்ட சிட்ருலின் எதிர்ப்பொருள் சோதனை இதனினும் நம்பத்தக்கது. நெதர்லாந்தில் இரத்த தானம் செய்தோரின் சேமித்த சீரத்தை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: பின்னாளில் முடக்குவாதம் கண்ட 79 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், மூட்டு வலிக்கு முன்பே இவ்விரு புரதங்களுள் ஒன்றேனும் இருந்தது, சிலரிடம் பல்லாண்டுகளுக்கு முன்பே. ஸி-ரியாக்டிவ் புரதமோ அழற்சியின் அளவை மட்டுமே காட்டும், நிமோனியாவிலும் உயரும்.

2010-ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாட்டு விதியை ஆசிரியர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். மொத்தம் 10 மதிப்பெண்; முடக்குவாதம் எனக் கொள்ள 6 வேண்டும். பாதித்த மூட்டுகளுக்கு 5 வரை உண்டு. அவ்விரு எதிர்ப்பொருள்களுக்கும் சேர்த்து 3-க்கு மேல் இல்லை. வீங்கிய மூட்டு ஒன்றேனும் இல்லாதவருக்கு இக்கணக்கே பொருந்தாது. ஆதலின் கை, கால் சிறு மூட்டுகளின் வீக்கம் சில வாரங்கள் நீடிப்பின், சீட்டில் ‘இல்லை’ என்றிருப்பினும், நோயாளியை மருத்துவரிடம் அனுப்புக.