பார்ட்னர் ஆகுறது சம்பள உயர்வு இல்லை: சிகாகோ லா ஃபர்ம் சொல்லும் கணக்கு

கள்ளக்குறிச்சி கோர்ட் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். வெள்ளிமலையில இருந்து பஸ் பிடிச்சு இறங்கி வந்தவங்க, பட்டா காகிதத்தை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு வக்கீல் ஆபீஸ் வாசல்ல காத்திருப்பாங்க. உள்ளே ஒரு வக்கீல், ரெண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா. பெரும்பாலும் தொழில் அந்த அளவோட நின்னுடும்.

அதே மாதிரி சின்னதா ஆரம்பிச்சு, இன்னைக்கு 40-க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருக்குற ஒரு லா ஃபர்ம் உண்டு. பேர் பேக்கர் மெக்கென்சி. இதை ஏன் பணம் பத்தின பக்கத்துல எழுதுறேன்னா, உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் என்னைக்காவது போன் பண்ணி, "மச்சான், வேலையை விட்டுட்டு வா, பார்ட்னரா சேர்ந்துக்கோ"ன்னு சொல்வார். அன்னைக்கு இந்தக் கதை உதவும்.

ரஸ்ஸல் பேக்கர், நியூ மெக்சிகோவுல வளர்ந்தவர். கையில காசில்லாம சிகாகோ வந்து, குத்துச்சண்டை போட்டு சம்பாதிச்சு சட்டம் படிச்சார். 1925-ல ஒரு நண்பரோட சேர்ந்து ஆபீஸ் திறந்தார். பெரிய கம்பெனி எதுவும் வாசலுக்கு வரலை. சிகாகோவுல இருந்த மெக்சிகோக்காரங்களோட வழக்குகள்தான் வந்துச்சு. அப்புறம் அபாட் மருந்துக் கம்பெனி கிளையன்ட் ஆச்சு. அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டுல கடை விரிக்கும்போது அந்தந்த நாட்டுச் சட்டம் தெரிஞ்ச ஆள் வேணும்னு பேக்கருக்குப் புரிஞ்சது. 1949-ல ஜான் மெக்கென்சியோட சேர்ந்து இன்னைக்கு இருக்கிற பேர்ல ஃபர்ம் தொடங்கினார். முதல் வெளிநாட்டு ஆபீஸ் 1955-ல, வெனிசுலாவோட கராகஸ்ல. அங்கே அமெரிக்க வக்கீல்களைக் கொண்டுபோய்க் குவிக்கலை, உள்ளூர் வக்கீல்களையே பார்ட்னரா ஆக்கினார். மத்த ஊர்களுக்கும் அதே வழிதான். (ஐ.எம்.எஃப். தலைவரா இருந்த கிறிஸ்டின் லகார்ட் இந்த ஃபர்ம் பாரிஸ் ஆபீஸ்ல இருந்து வளர்ந்து, 1999-ல மொத்த ஃபர்முக்கும் தலைவர் ஆனவர்.)

நம்ம ஊருக்கு இவங்க ஏன் வரலை? அட்வகேட்ஸ் சட்டம், 1961 வெளிநாட்டு ஃபர்ம்களை விடலை. ஏ.கே. பாலாஜி வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் 2012-ல, வெளிநாட்டு வக்கீல்கள் தற்காலிகமா வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பத்தி ஆலோசனை சொல்லிட்டுப் போகலாம்னு சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-ல அதை இன்னும் இறுக்கிப் பிடிச்சது. பார் கவுன்சில் 2023-ல விதிகள் போட்டு, 2025-ல திருத்தி, கதவைக் கொஞ்சம் திறந்திருக்கு. கோர்ட்ல வாதாட மட்டும் இன்னமும் முடியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இத்தனை நாட்டு ஆபீஸும் ஒரே கல்லா இல்லை. 2004-ல இவங்க 'ஸ்விஸ் ஃபெரைன்'ங்கிற அமைப்புக்கு மாறினாங்க. வீட்டுப் பேரு ஒண்ணு, அடுப்பு தனித்தனி! ஒரு நாட்டு ஆபீஸ் கடன்ல விழுந்தா அடுத்த நாட்டுப் பார்ட்னர் சொத்துக்கு அது நேரா வந்து சேராம இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இதுக்கு நேர் எதிர், நியூயார்க்கோட டூயி அண்ட் லெபஃப். 2007-ல ரெண்டு பழைய ஃபர்ம் சேர்ந்து உருவானது, ஆயிரத்துக்கும் மேல வக்கீல்கள். பெரிய பேர் உள்ள பார்ட்னர்களை இழுக்க "லாபம் வந்தாலும் வராட்டியும் உனக்கு இவ்வளவு நிச்சயம்"னு எழுதிக் கொடுத்தாங்க. மாசம் மாசம் மாறுற வருமானத்தை நம்பி ஃபிக்ஸட் இ.எம்.ஐ. வாங்கின மாதிரி. 2012 மே மாசம் திவால். பழைய பார்ட்னர்கள் நூத்துக்கணக்கான பேர் சேர்ந்து, ஏற்கெனவே வாங்கின பணத்துல சுமார் 7 கோடி டாலரைத் திருப்பிக் கட்ட ஒத்துக்கிட்டாங்க. சம்பளத்தை இப்படித் திருப்பிக் கேப்பாங்களா? பார்ட்னர்னா கேப்பாங்க.

பார்ட்னருக்கு பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. ஃபர்ம் 30% வரி கட்டின பிறகு வர்ற லாபப் பங்குக்கு உங்க கையில வரி இல்லைங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா பார்ட்னருக்குத் தர்ற சம்பளம், வட்டி வருஷத்துக்கு ₹20,000 தாண்டினா, 2025 ஏப்ரல் 1-ல இருந்து 10% டி.டி.எஸ். பிடிக்கிறாங்க. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் கடன் பொறுப்பு. 1932-ம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி ஃபர்மோட முழுக் கடனுக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. உங்க பங்கு 10%தான்னாலும், மலையடிவாரத்துல அப்பா உங்க பேர்ல எழுதின மரவள்ளிக் காடு வரைக்கும் கடன்காரர் வரலாம். 2008-ம் வருஷச் சட்டத்துல வந்த எல்.எல்.பி.யில, நீங்களே தப்போ மோசடியோ பண்ணாத வரை, போட்ட முதலோட பொறுப்பு முடியுது. ஆனா பேங்க்குக்கு தனியா ஜாமீன் கையெழுத்துப் போட்டா அந்தப் பாதுகாப்பு அங்கேயே காலி.

ஃப்ரெண்டோட பத்திரத்துல மூணு இடம் பாருங்க: பார்ட்னர்ஷிப்பா எல்.எல்.பி.யா, முதல் எப்போ திரும்ப வரும், விலகினா கணக்கு எப்படி முடியும். பழைய பார்ட்னர்ஷிப்ல இருந்து விலகுறவங்க பொது அறிவிப்பு கொடுக்கணும். பதிவான ஃபர்ம்னா ஃபர்ம்ஸ் ரிஜிஸ்ட்ராருக்கும், அரசிதழ்லயும், ஃபர்ம் இருக்கிற மாவட்டத்துல ஓடுற தமிழ்ப் பத்திரிகை ஒண்ணுலயும். அதைச் செய்யாம வெளியே வந்தா, நீங்க பெங்களூர்ல வேற வேலையில இருக்கும்போது ஃப்ரெண்டு வாங்குற புதுக் கடனுக்கும் உங்க பேர்ல நோட்டீஸ் வரலாம்.