குருவிக்குப் போடும் தானியமும் கூடவே வரும் களையும்

ஒரு காலத்தில் நம் கடைகளில் யாரும் தனியாகக் கேட்டு வாங்காத சரக்கு ஒன்று உண்டு. இப்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது அதைக் கேட்டு வருகிறார்கள். "குருவிக்குப் போட ஏதாவது தானியம் கொடுங்க அண்ணாச்சி" என்பதுதான் அது. முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வீட்டுத் தாழ்வாரத்திலோ கோயில் மண்டபத்திலோ தொங்க விடுவார்கள். குருவி வந்து கொத்தித் தின்னும். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தபின் அந்த வழக்கம் குறைந்தது. 2010 முதல் மார்ச் 20-ஆம் தேதியை உலகச் சிட்டுக்குருவி தினமாகக் கொண்டாடத் தொடங்கிய பிறகு, பள்ளிப் பிள்ளைகள் சொல்லி, பெற்றோர் மொட்டை மாடியில் ஒரு தட்டில் தண்ணீரும் ஒரு தட்டில் தானியமும் வைக்கிறார்கள். நல்ல காரியம். இதில் நமக்கும் கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது.

ஆனால் அவர்கள் கையில் நாம் கொடுப்பது என்ன சரக்கு என்பதைத்தான் சக வியாபாரிகளோடு இங்கே பேச விரும்புகிறேன்.

சலித்ததில் மிஞ்சியது எங்கே போகிறது?

மண்டியில் கம்பும் சோளமும் தினையும் சலிக்கும்போது இரண்டு விதமான கழிவு விழும். சல்லடைக்கு மேலே கல், கட்டி, தாள், சருகு நிற்கும். கீழே மண், தூசி, பதர், உடைசல், அவற்றோடு பொடிப்பொடியான காட்டு விதைகள் விழும். மேலே நின்றதைக் குப்பையில் கொட்டுகிறோம். கீழே விழுந்ததைக் கொட்ட மனம் வருவதில்லை. அதுவும் எடை போட்டு வாங்கிய சரக்குதானே! அதனால் சிலர் அதைச் சாக்கில் கட்டி, கோழிக்கென்றும் குருவிக்கென்றும் சொல்லித் தள்ளி விடுகிறார்கள். இன்னும் சிலர் அதில் இரண்டு படி நல்ல கம்பைக் கலந்து, பாலிதீன் பையில் அடைத்து, பறவைப் படம் ஒட்டி விற்கிறார்கள்.

மனிதர் சாப்பிடும் சரக்கில் ஒரு கல் கிடந்தால் மறுநாள் காலையில் கடை வாசலில் சண்டை வரும். குருவி சண்டைக்கு வராது. வேண்டியதைப் பொறுக்கித் தின்னும், வேண்டாததை அலகால் ஒதுக்கித் தள்ளும். அப்படித் தள்ளியது தொட்டியிலும் தோட்டத்திலும் விழுந்து, ஒரு மழை பெய்தால் முளைக்கும். வாங்கியவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. நமக்குத் தெரியும்.

பறவைகளே களையைப் பரப்புகின்றன என்று சொல்பவர்களும் உண்டு. அது பாதி உண்மை. பழம் தின்னும் பறவைகளின் எச்சத்தில் விதை உயிரோடு வருகிறது. சுவரில் அரசமரமும் வேலியில் உன்னிச்செடியும் முளைப்பது அப்படித்தான். ஆனால் தானியம் தின்னும் குருவி, சில்லை, புறா ஆகியவற்றின் வயிற்றில் அரைவைப்பை இருக்கிறது. அது திருகை போலப் பெரும்பாலான விதைகளை அரைத்து விடும். ஆகவே தானியத் தட்டைச் சுற்றி முளைக்கும் களையில் பெரும்பகுதி தின்னாமல் சிந்தியதுதான். அதாவது, சரக்கில் இருந்ததுதான்.

தானியத்தோடு வந்த வினை

சிறு விதை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பார்த்தீனியம் ஒன்றே போதும். நம் நாட்டில் இது 1950-களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டது. வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் கருத்து. இன்று அது இல்லாத மாநிலம் இல்லை. ஒரு செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் தள்ளும். தொட்டால் தோல் அரிப்பு, மகரந்தம் பட்டால் மூச்சிரைப்பு, மாடு தின்றால் பால் கசப்பு. 1984-இல் மெக்சிகோ நாட்டு வண்டைக் கொண்டுவந்து பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். வண்டு பல இடங்களில் செடியைத் தின்கிறது. ஆனாலும் செடி ஒழியவில்லை. அதன் விதை மிகச் சிறியது. கம்பில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் இதே கதை பறவைத் தீவனத்தாலேயே நடந்தது. அம்புரோசியா என்ற செடி பார்த்தீனியத்துக்கு உறவு. அதன் மகரந்தம் தும்மலையும் ஆஸ்துமாவையும் கொண்டுவரும். தோட்டங்களில் பறவைக்குப் போட்ட சூரியகாந்தி விதை, தினை வகைகளோடு அது வீடு வீடாகப் பரவியதைக் கண்டு, ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒரு விதி போட்டது. தீவனத்துக்கான முழுத் தானியத்தில் பொதுவாக ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அந்த விதை இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து விதைதான்!

நம் நாட்டுச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். பேயெள்ளு என்றும் உச்செள்ளு என்றும் நாம் சொல்லும் எண்ணெய் வித்து, அமெரிக்காவில் தோட்டத்துப் பறவைகளுக்கு விருப்பமான தீனி. இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் அங்கே கப்பலில் போகிறது. அதில் அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடியின் விதை கலந்திருந்தால் அவர்கள் பயிர் பாழாகும். ஆகையால் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் சூடாக்கி, முளைப்புத் திறனைக் கொன்ற பிறகே உள்ளே விடுகிறார்கள். அவர்கள் ஊர்க் குருவிக்கு அவ்வளவு சோதனை செய்து அனுப்பத் தெரிந்த நாம், நம் ஊர்க் குருவிக்கு மட்டும் கூட்டிய தூசியைக் கொடுப்பது என்ன நியாயம்?

நம் பக்கத்துக் களைகள்

வந்தவாசி வட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும்தான் பெரும்பயிர். நெல்லோடு குதிரைவாலிப் புல்லின் விதை கலந்து வரும். இளம் பருவத்தில் நாற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. களையெடுக்கும் பெண்களே திணறுவார்கள். சோளத்திலும் கம்பிலும் கரும்பிலும் வேரைப் பிடித்துச் சாறு உறிஞ்சும் சுடுமல்லியின் விதை தூசியைப் போல இருக்கும். மண்ணில் விழுந்தால் இருபது ஆண்டுகள் வரைகூட உயிரோடு கிடந்து, ஏற்ற பயிரின் வேர் கிட்டத்தில் வந்ததும் முளைக்கும். சல்லடைத் தூசி நம் கடையிலிருந்து குப்பைமேட்டுக்கும், குப்பைமேட்டிலிருந்து எருவோடு வயலுக்கும் போகிறது. அந்த வயலின் விளைச்சலை நம்பித்தான் அடுத்த வருஷம் நாம் கொள்முதல் செய்யப் போகிறோம்.

நம் ஊருக்குக் கோரை சோறு போடுகிறது. வந்தவாசிப் பாய் என்றால் வெளியூரிலும் மதிப்பு. பாய்க்கு ஆகும் கோரை வேறு, வயலில் கிழங்கு விட்டுப் படரும் கோரை வேறு என்பது நமக்குத் தெரியும். முன்னது வரும்படி, பின்னது தலைவலி. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் பயிர், இல்லாவிட்டால் களை. ரோஜாத் தொட்டியில் முளைத்தால் நல்ல தினையும் களைதான்.

எதற்கு எதைக் கொடுப்பது?

பத்துத் தானியக் கலவை என்று விற்கும் பொட்டலம் பார்வைக்கு அழகு. ஆனால் எந்தப் பறவையும் பத்தையும் தின்னாது. வேண்டியது ஒன்றிரண்டு, மீதி கீழே. ஆகவே வாடிக்கையாளரிடம் "உங்கள் மாடிக்கு என்ன பறவை வருகிறது?" என்று முதலில் கேளுங்கள்.

சிட்டுக்குருவிக்கு அரிசி நொய், கம்பு, தினை போதும். சில்லைக்குத் தினையும் சாமையும். புறாவுக்குச் சோளம், கம்பு, உடைத்த மக்காச்சோளம். கிளிக்கு நிலக்கடலை, சூரியகாந்தி, நெல், பழம். மைனாவும் காகமும் சோற்றுக்கே வரும். தேன்சிட்டுக்கும் தவிட்டுக்குருவிக்கும் நம் கடையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றுக்குப் பூந்தேன், மற்றதற்குப் பூச்சி. சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். எனவே தானியம் வாங்குபவரிடம், தோட்டத்தில் பூச்சி மருந்தைக் குறைக்கும்படியும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

முளைக்காத சரக்கே சிறந்த சரக்கு

என் அனுபவத்தில் தோட்டக்காரருக்கு ஏற்றது தோல் நீக்கிய தானியமும் உடைத்த தானியமும்தான். தினை அரிசி, சாமை அரிசி, அரிசி நொய், கம்பு நொய், உடைத்த சோளம். இவை முளைக்காது. உமியும் சேராது. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் என்பவர் 2004 சுனாமிக்குப் பிறகு பல ஆண்டுகள் தம் மாடியில் ஆயிரக்கணக்கான கிளிகளுக்குத் தீனி வைத்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவர் பலகைகளில் பரப்பி வைத்தது அரிசிதான். அரிசி எங்கே சிந்தினாலும் செடியாகாது.

உடைத்த சரக்கில் ஒரு குறை உண்டு. ஈரம் பட்டால் சீக்கிரம் புளிக்கும், வண்டு விழும். ஆகையால் கொஞ்சமாக வாங்கி, தினமும் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். முழுத் தானியமே வேண்டும் என்பவருக்கு இரும்புச் சட்டியில் லேசாக வறுத்துக் கொடுக்கலாம். முளைப்புத் திறன் போய்விடும். வறுத்தது அதிக நாள் தாங்காது என்பதையும் சொல்லி விடுங்கள்.

கொள்முதலில் பார்க்க வேண்டியவை

ஒன்று: மூட்டையின் வாயில் மட்டும் மாதிரி எடுக்காதீர்கள். பொடி விதையும் தூசியும் லாரி ஆட்டத்தில் அடிக்கு இறங்கி விடும். அடியிலும் குத்தூசி போட்டு எடுங்கள்.

இரண்டு: 100 கிராம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். தானியத்தின் நிறமும் அளவும் இல்லாத விதைகளைத் தனியே ஒதுக்கி எண்ணுங்கள். ஒரு பூதக்கண்ணாடி கல்லாப்பெட்டியில் இருக்கட்டும்.

மூன்று: சந்தேகம் இருந்தால் ஒரு பிடியை ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள். முளை விட்டால் முளைப்புத் திறன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு தொட்டி மண்ணில் இன்னொரு பிடியைத் தூவித் தண்ணீர் விட்டு வந்தால், கூட வந்த களை எது என்பதும் தெரியும்.

நான்கு: தானியத்தை விடச் சிறிய கண் உள்ள சல்லடையில் ஒரு முறையும், முறத்தில் ஒரு முறையும் போட்ட பிறகே பொட்டலம் கட்டுங்கள்.

ஒருபோதும் விற்கக் கூடாதவை

இது களையை விடப் பெரிய விஷயம். விதைக் கடையில் பருவம் தப்பி மிஞ்சிய சோளம், மக்காச்சோளம், கம்பு விதைகள் சில சமயம் மலிவாக வரும். சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருந்தால் அது விதை நேர்த்தி மருந்து கலந்தது. உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாது என்று 1968-ஆம் வருஷத்து விதை விதிகளின்படி பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். கழுவினாலும் போகாது. அதைப் பறவைக்குப் போட்டால் தட்டைச் சுற்றிச் செத்துக் கிடக்கும். சில வருஷங்களுக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவர் அப்படிப்பட்ட இரண்டு மூட்டையை "புறாவுக்குத் தள்ளி விடுங்கள்" என்று என்னிடமே கொண்டுவந்தார். இறக்காமலே திருப்பி அனுப்பினேன்.

பூஞ்சை பிடித்த நிலக்கடலையும் கூடாது. மனிதருக்கு ஆகாத நச்சு பறவைக்கும் ஆகாது. உப்புக் கடலையும் வேண்டாம்.

கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர் தீனி கேட்டு வந்தால், அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பக்குவமாகச் சொல்லி வையுங்கள். லவ் பேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் கூண்டைத் துடைத்த குப்பையைச் செடிக்குக் கொட்டுவதுண்டு. அங்கேயும் களை முளைக்கும்.

பொட்டலமும் பேச்சும்

நாமே பொட்டலம் கட்டி விற்றால், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி சரக்கின் பெயர், நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச விலை, கட்டியவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். "பறவைத் தீவனம்" என்று மட்டும் போடாமல், உள்ளே இருப்பது தினை அரிசியா, கம்பு நொய்யா என்று பெயரைப் போடுங்கள். நம் பெயரை அச்சிட்ட பையில் தூசியைக் கட்ட நமக்கே கை வராது.

வாங்குபவரிடம் நாலு வார்த்தை சொல்லுங்கள். தட்டைச் செடித் தொட்டிக்கு மேலே தொங்க விடாமல் சிமெண்டுத் தரையில் வைக்கட்டும். விளிம்பு உயர்ந்த தட்டாக இருக்கட்டும். மாலையில் சிந்தியதைக் கூட்டி எடுக்கட்டும். இல்லாவிட்டால் இரவில் எலி வரும். ஒரு நாளில் தின்னும் அளவுதான் வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் குருவிக்குப் பதில் புறாக் கூட்டம் சேரும். புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்ற கவலையில் 2025-இல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடங்களை மூடும்படி ஆனது. கோடையில் தானியத்தை விடத் தண்ணீர் முக்கியம்.

கடைசியாக நம் சல்லடைக் கழிவு. அதைத் தெருவிலோ எருக்குழியிலோ கொட்ட வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, ஆறியபின் ஆழக் குழியில் மூடுவது நல்லது. மூட்டைக்கு இரண்டு மூன்று கிலோ நஷ்டம் என்று கணக்குப் பார்க்கலாம். அந்த இரண்டு மூன்று கிலோவைக் கொள்முதல் விலையிலேயே கழித்துப் பேசுங்கள். அதுதான் மண்டிக்கு முறை. சிறுதானியம் விலை ஏறியிருக்கும் இந்நாளில் சுத்தமான சரக்குக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும், காரணத்தைச் சொன்னால் கொடுக்கிறார்கள்.

தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது பழமொழி. நாம் தினை என்று சொல்லி விற்ற பையில் தினை மட்டும் இருந்தால்தான் அந்தப் பழமொழிக்கு அர்த்தம் உண்டு.