கணவன் ஒரு கணக்கு, மனைவி ஒரு கணக்கு

தேவ்நாரில், கோவண்டி ஸ்டேஷன் சாலையில், பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் வாசலை நம்மில் பலர் பலமுறை கடந்திருப்போம்; உள்ளே நடப்பதை அறிந்தவர்கள் குறைவு. 1956-ல் தொடங்கியது. 1992-93 முதல் 2019-21 வரை ஐந்து முறை நாடெங்கும் வீடு வீடாக எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வை ஒருங்கிணைத்தது இந்த நிறுவனம்தான்.

முதல் ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3.4 குழந்தைகள். ஐந்தாவதில் 2.0. தமிழ்நாட்டில் 1.8, மகாராஷ்டிராவில் 1.7.

எண்களை விட என்னைக் கவர்ந்தது கேட்கும் முறை. எத்தனை குழந்தைகள் விருப்பம் என்று மனைவியரைக் கேட்டவர்கள், 2005-06 முதல் ஆண்களையும் தனியாகக் கேட்டார்கள். நம் வீடுகளில் இப்படி யார் கேட்கிறோம்? பத்துப் பொருத்தம் பார்ப்போம், பிளாட் யார் பேரில் என்று விசாரிப்போம். குழந்தை வேண்டுமா என்பதைப் பெண்ணும் பிள்ளையும் பேச விடமாட்டோம். கல்யாணமாகி ஆறு மாதத்தில் "விசேஷம் உண்டா?" என்று மட்டும் தவறாமல் கேட்போம்.

இதே மும்பையில் 1921-லேயே கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கியவர் ரகுநாத் கார்வே. அவரும் மனைவி மாலதியும் பிள்ளை வேண்டாம் என்று சேர்ந்தே முடிவு செய்தவர்கள். கணிதப் பேராசிரியர் வேலை போயிற்று, ஊர் ஏசிற்று. ஆனாலும் 1927-ல் ஆரம்பித்த 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' பத்திரிகையை 1953-ல் மறையும் வரை விடாமல் நடத்தினார்.

எல்லா வீட்டிலும் அந்த ஒற்றுமை வாய்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையனுக்குக் குழந்தை வேண்டும், மருமகளுக்கு வேண்டாம். "நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேனே" என்கிறாள். "விளையாட்டாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்" என்கிறான் அவன். "கர்ப்பமாகிவிட்டால், இவன் கையெழுத்து இல்லாமல் என்ன செய்துவிடுவாள்?" என்று கேட்டார் பையனின் தகப்பனார்.

அது தப்பு. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவன் கையெழுத்து தேவையில்லை. பிள்ளை பெறுவதும் பெறாமலிருப்பதும் பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், கல்யாணத்துக்குப் பின் கணவனோ மனைவியோ தன்னிச்சையாகப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்வது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007-ல் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். ஆகலாம் என்றுதான் சொன்னது. வழக்குக்கு வழக்கு மாறும்.

இரண்டையும் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அவர்களே பேசித் தீர்க்கட்டும்" என்றார். அவரும் சம்பந்தியும் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போவதில்லை என்று ஏற்பாடு.