வீட்டுக் கணினியில் பிட்காயின்: வரவும் செலவும்

உசிலம்பட்டி இல்லமொன்றில் கணினியை இயக்கிப் பிட்காயின் ஈட்டுதல் பயன் தருமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

2009-இல் அது தோன்றியபோது சாதாரணக் கணினியே போதுமானதாயிருந்தது. ஒரு தொகுதிக்கு 50 நாணயங்கள் கிடைத்தன. 2024 ஏப்ரலில் அவ்வெகுமதி 3.125 ஆகச் சுருங்கியது. போட்டியோ, இதற்கெனவே வடிவமைக்கப்பட்ட இயந்திரங்களுடன். வீட்டுக் கணினிக்கு இடமளித்து வந்த ஈதரியமும் 2022 செப்டம்பரில் இம்முறையைக் கைவிட்டது.

இனிச் செலவைக் காண்போம். 500 வாட் கணினி இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 12 யூனிட். இருமாதக் கணக்கில் 720. பயன்பாடு மிகுந்தால் கட்டண விகிதமும் உயரும். கிடைக்கும் ஆதாயத்திற்கோ 2022-ஆம் ஆண்டு நிதிச்சட்டம் 30 விழுக்காடு வரி விதித்தது. மின்செலவைக் கழிக்க அதில் இடமில்லை.

இந்நாணயம் ஆகுமானதா என்பதை உலமாக்கள் கூறட்டும். கணக்கைப் பொறுத்தவரை, இதனை வீண்விரயம் என்றே கருதுகிறோம்.