சுயாதீனத் தொலைக்காட்சி சேவை (இலங்கை)

சுயாதீனத் தொலைக்காட்சி சேவை (ஐ.டி.என்.) என்பது இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் ஆகும். தனியார் முயற்சியாகத் தொடங்கப்பட்ட இந்நிலையம் இரண்டு மாதங்களுக்குள்ளாகவே அரசுடைமையானது.

வரலாறு

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 இலேயே தொடங்கிவிட்டபோதும், தொலைக்காட்சி அறிமுகமாக மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. சிங்கள, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் 13, 1979 இல் இந்நிலையம் தனது ஒளிபரப்பைத் தொடங்கியது. சான் விக்கிரமசிங்க, அனில் விஜயவர்தன ஆகியோர் இதன் நிறுவனர்களுள் முக்கியமானவர்கள். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே அப்போது ஒளிபரப்பைக் காண முடிந்தது.

ஜூன் 5, 1979 இல், அதாவது தொடங்கி 53 நாட்களில், இலங்கை அரசு நிலையத்தைக் கையகப்படுத்தியது. நிறுவனர் சான் விக்கிரமசிங்க, அன்றைய அமைச்சர்களுள் ஒருவரான ரணில் விக்கிரமசிங்கவின் உடன்பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அரசின் பொறுப்பில் வந்த பின்னரும் "சுயாதீன" என்னும் பெயர் மாற்றப்படவில்லை.

பெப்ரவரி 15, 1982 இல் சப்பானிய உதவியுடன் அமைந்த இலங்கை ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் நாடளாவிய ஒளிபரப்பை ஆரம்பித்தது. அதன் பின்னர் நாட்டில் இரண்டு தொலைக்காட்சி நிலையங்கள் இருந்தன; இரண்டுமே அரசின் வசமிருந்தன. 1990களின் தொடக்கத்திலேயே தனியார் தொலைக்காட்சிக்கு மீண்டும் வழி பிறந்தது. சான் விக்கிரமசிங்க 1993 இல் டி.என்.எல். தொலைக்காட்சியை நிறுவினார்.

தமிழ் ஒளிபரப்பு

இந்நிறுவனம் 2009 இல் வசந்தம் தொலைக்காட்சி என்ற தனித் தமிழ் அலைவரிசையை ஆரம்பித்தது. புத்தாண்டையொட்டித் தொடங்கிய நிலையம் தமிழுக்கெனத் தனி அலைவரிசை ஒதுக்க முப்பது ஆண்டுகள் சென்றன.