ஹரிஹரேஷ்வர் போக விடுமுறை மட்டும் போதாது, திதியும் பாருங்கள்

சனிக்கிழமை விடியற்காலையில் புனேயை விட்டுக் கிளம்பி, முல்ஷி, தாம்ஹிணி மலைப்பாதை, மாண்காவ், ஸ்ரீவர்தன் என்று போனால், பதினோரு மணிவாக்கில் ஹரிஹரேஷ்வர் வந்துவிடும். மராட்டியப் பேரரசின் தலைமை அமைச்சர்களான பேஷ்வாக்களின் குலதெய்வம் குடிகொண்ட கொங்கணக் கடலோர ஊர். பரம்பரைப் பேஷ்வாக்களில் முதல்வரான பாலாஜி விஸ்வநாத்தின் சொந்த ஊர் பக்கத்து ஸ்ரீவர்தன்தான். மகாபலேஷ்வரில் பிறக்கும் சாவித்திரி ஆறு இங்கேதான் கடலில் கலக்கிறது.

கோயிலுக்குப் பின்னால் தொடங்கும் பிரதட்சிணப் பாதைக்காகவே போகலாம். முதலில் குன்றேற்றம். பிறகு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே படிக்கட்டு நேராகக் கடலை நோக்கி இறங்குகிறது. அந்த இடுக்கில் காற்று முகத்தில் அறையும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கீழே, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. சுமார் ஆறரைக் கோடி ஆண்டு வயது. கிட்டப் போய்ப் பாருங்கள்: பாறை முழுக்கத் தேனடை போலக் குழிகள், குழிக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய தடுப்புகள். அலைத்துளி பாறையின் நுண்துளைக்குள் புகுந்து காய, அதிலுள்ள உப்பு படிகமாகி விரிந்து, பாறையை உள்ளிருந்தே பொடிப்பொடியாக உதிர்க்கிறது. அப்படி விழுந்தவைதான் அந்தக் குழிகள்.

இந்தப் பாறைமேடைதான் ஆபத்தும். கடல் ஏறும்போது மேடை தண்ணீருக்குள் போய்விடும்; திரும்பும் வழி அடைபடும். மெரினாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் உறைக்காது. சென்னையில் ஓத ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். மும்பைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நாலு மீட்டர் வரை போகும். தெற்கே வரவரக் குறைந்தாலும், ஹரிஹரேஷ்வரில் ஓர் ஆளை மூழ்கடிக்க அது தாராளம்.

கொங்கண மீனவர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. திதியை முக்காலால் பெருக்கினால், கடல் உச்சத்துக்கு ஏறும் மணி கிடைக்கும். சதுர்த்தி என்றால் நாலு முக்கால் மூன்று. ஏற்றம் மூன்று மணிக்கு. அதற்கு ஆறு மணி நேரம் முன்பு, காலை ஒன்பதை ஒட்டி வற்றம். அமாவாசை, பௌர்ணமியில் உச்சம் நண்பகலை ஒட்டி வரும். அதாவது புனேயிலிருந்து வரும் கார்கள் ஊருக்குள் நுழைகிற அதே நேரம்! அஷ்டமியில் வற்றம் நண்பகலுக்கு வரும் என்றாலும், அன்று கடல் அதிகம் உள்வாங்காது. ஆகவே, வெள்ளிக்கிழமையே போய்த் தங்கி, திருதியை முதல் பஞ்சமி வரையிலான ஒரு நாளில் காலையில் இறங்குவதே என் கணக்கில் சிறந்த திட்டம். வாய்க்கணக்கு நாளைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். நேரத்தை ஓத அட்டவணையில் சரிபார்த்து, உள்ளூர்க்காரர்களிடமும் கேளுங்கள். ‘பர்தி’ என்றால் ஏற்றம், ‘ஓஹோட்டி’ என்றால் வற்றம். வற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி, கடல் திரும்புவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. பருவமழைக் கடல் வற்றத்திலும் பாறைமேல் பாயும். அந்த மாதங்களில் கோயிலோடு திரும்பிவிடுங்கள்.

மற்ற மாதங்களிலும் காற்று ஓய்ந்திருப்பதை வைத்துக் கடலை எடைபோடக் கூடாது. தென்கடலில் எங்கோ எழுந்த அலை, நாள்கள் கழித்து நம் கரையில் ஏறும். கேரளத்தில் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனபோது, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த எச்சரிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு அதைப் பாருங்கள்.

பாறைமேல் நின்று படம் எடுக்கும்போது காலடியையும் கவனியுங்கள். பாறை ஈரமாக இருந்தால், அலை அங்கே ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. காய்ந்த பாறைக்கு ஏறிக்கொள்ளுங்கள்.